ஸ்டாக் எவ்வளவு இருக்கணும்?

நகோயாவுக்கு மாஸ்டர்ஸ் பண்ண வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் சித்தப்பா, "ஏம்ப்பா, அங்க போயி என்னதான் படிக்கற?" என்று கேட்பார். "மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் சித்தப்பா. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், இன்வென்டரி..." என்று நான் இழுப்பதற்குள், "ஓ, குடோன் கணக்கா? அதுக்கு எதுக்குடா ஜப்பான்?" என்று முடித்துவிடுவார்.

சித்தப்பா மாதிரி நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால இந்தப் பதிவு முழுக்க குடோன் கணக்குதான். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

இங்கே வருவதற்கு முன்னாடி அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். காருக்கு பிரேக் சமாச்சாரங்கள் செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு நாங்கள் லேத்தில் கடைந்து சின்னச் சின்ன பாகங்கள் செய்து கொடுப்போம். மொத்தம் நாற்பது பேர். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் ரெண்டுக்கும் நான்தான் இன்ஜினியர். அங்கே முதலில் புரிந்த விஷயம்: ஒரு பாகத்தை 100 ரூபாய்க்கு விற்றால் அதில் பாதிக்கு மேல் மெட்டீரியலுக்கே போய்விடும். சம்பளம், கரண்ட் பில், வாடகை, பேங்க் வட்டி எல்லாம் மீதியில்தான். மெட்டீரியலில் 2 ரூபாய் மிச்சம் பிடித்தால் அது அப்படியே லாபம். ஆனா அதே மெட்டீரியல் ஒருநாள் வராமல் போனால் மெஷின் நிற்கும், ஆள் நிற்பான், வட்டி மட்டும் நிற்காது.

<b>ஒரு இரும்புக் கம்பியின் பயணம்</b>

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன சுற்று. புரொடக்‌ஷன் ஆள் "இந்த சைஸ் ராடு வேணும்" என்று எழுதிக் கொடுப்பது இன்டென்ட். அதை வைத்து நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒருத்தருக்குப் போடுவது பர்ச்சேஸ் ஆர்டர். லாரி வந்ததும் கேட்டில் என்ட்ரி, எடைபோட்டு எண்ணிப் பார்த்து, குவாலிட்டி ஆள் "சரி" என்று கையெழுத்துப் போட்டால் ஜி.ஆர்.என். அதாவது சரக்கு கிடைத்துவிட்டது என்கிற ரசீது. அது இல்லாமல் அக்கவுன்ட்ஸில் பில் நகராது. அப்புறம் ராக்கில் ஏற்றி, அங்கே தொங்குகிற பின் கார்டில் எழுதணும். யாராவது எடுத்துப் போனால் இஷ்யூ ஸ்லிப் கொடுத்து, பின் கார்டில் கழிக்கணும்.

படிக்க ரொம்ப சுலபம். ஆனா கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டாக்கும் ராக்கில் இருக்கும் ஸ்டாக்கும் ஒரே நம்பராக இருந்தால், அந்த ஸ்டோர்ஸ் ஆளுக்கு மாலை போட்டு மரியாதை செய்யணும். ஏன் வித்தியாசம் வருது? திருட்டு என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பாங்க. பெரும்பாலும் அது இல்லை.

ஒரு உதாரணம் சொல்றேன். 3 மீட்டர் ராடு வாங்குகிறோம். பாகத்தின் நீளம் 60 மில்லிமீட்டர். 3000-ஐ 60-ஆல் வகுத்தால் 50 பீஸ் வரணும் என்று கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். ஆனா ஒவ்வொரு பீஸையும் வெட்ட 3 மில்லிமீட்டர் போகும். அப்போ ஒரு பீஸுக்கு 63. ஒரு ராடில் 47 பீஸ்தான் வரும், மிச்சம் ஒரு துண்டு ஸ்க்ராப். 100 ராடு போட்டால் 300 பீஸ் காணோம்! யாரும் எடுக்கலை, வெட்டும்போது தூளாப் போச்சு. வாங்கினது கிலோ கணக்கில், கொடுத்தது ராடு கணக்கில், எண்ணினது பீஸ் கணக்கில். மூணு கணக்கும் எங்கே சந்திக்கும்? நைட் ஷிஃப்டில் அவசரத்துக்கு ஸ்லிப் இல்லாமல் எடுத்தது, ரிஜெக்ட் ஆனதை எழுதாமல் விட்டது எல்லாம் இதற்கு மேலே சேரும்.

வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் கடைசியில் எல்லாத்தையும் நிறுத்தி எண்ணினால் வித்தியாசம் தெரியும், காரணம் தெரியாது. தினமும் நாலைந்து ஐட்டம் மட்டும் எண்ணினால் நேற்று நடந்தது இன்றைக்கே தெரியும். சைக்கிள் கவுன்ட் என்பது இதுதான்.

எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் பத்தாவது வரை படித்தவர். வாஷர், ஓ-ரிங் மாதிரி சின்ன சாமான்களுக்கு ஐட்டத்துக்கு ரெண்டு டப்பா வைத்திருப்பார். முதல் டப்பா காலியானதும் அதன் அடியில் இருக்கும் அட்டையை எடுத்து என் டேபிளில் போடுவார். "தம்பி, ஆர்டர் போட்ருங்க. ரெண்டாவது டப்பா தீர்றதுக்குள்ள வந்துடணும்." கம்ப்யூட்டர் கிடையாது, ஃபார்முலா கிடையாது. ஒரு நாள்கூட அவரிடம் வாஷர் இல்லாமல் போனது கிடையாது. இந்த அட்டையை ஞாபகம் வச்சுக்கங்க.

<b>கொஞ்சம் கணக்கு (பயப்படாதீங்க)</b>

ஸ்டோர்ஸில் ரெண்டாயிரம் ஐட்டம் இருக்கும். எல்லாத்தையும் ஒரே மாதிரி கவனிக்க முடியாது. அதனால் வருஷத்துக்கு எந்த ஐட்டத்தில் எவ்வளவு பணம் போகிறது என்று வரிசைப்படுத்துவார்கள். மேலே இருக்கும் கொஞ்ச ஐட்டம் பெரும்பகுதி பணத்தைச் சாப்பிடும், அது ஏ. நடுவில் பி. கீழே கும்பலாக, பணம் குறைவாக இருப்பது சி. இந்த ஏ.பி.சி. முறையை 1951-ல் கட்டுரையாக எழுதிப் பரப்பியவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்த ஃபோர்டு டிக்கி.

அடுத்தது, ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கணும்? இதற்கு ஃபார்முலா கொடுத்தவர் இன்னொரு ஃபோர்டு. 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்கிற அமெரிக்க இன்ஜினியர். (ரெண்டு பேருக்கும் கார் ஃபோர்டுக்கும் சம்பந்தமில்லை :-)) அடிக்கடி கொஞ்சமாக வாங்கினால் வண்டி வாடகை, பேப்பர் வேலை எல்லாம் ஏறும். மொத்தமாக வாங்கிப் போட்டால் பணம் முடங்கும், இடம் அடைக்கும், துருப்பிடிக்கும். ரெண்டுக்கும் நடுவில் செலவு குறைவான ஒரு புள்ளி உண்டு.

நம்பர் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 12,000 பீஸ் வேணும். பீஸ் 15 ரூபாய். ஒரு ஆர்டர் போட்டு இறக்க 500 ரூபாய் செலவு. ஒரு பீஸை ஒரு வருஷம் வைத்திருக்க அதன் விலையில் 20 சதவீதம், அதாவது 3 ரூபாய். 12,000-ஐ 500-ஆல் பெருக்கி, 2-ஆல் பெருக்கி, 3-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 2,000. அதாவது தடவைக்கு 2,000 பீஸ், வருஷத்துக்கு 6 ஆர்டர். ஆர்டர் செலவு 3,000, வைத்திருக்கும் செலவு 3,000, மொத்தம் 6,000 ரூபாய்.

இதில் ஒரு அழகு இருக்கு. 2,000-க்குப் பதில் 1,500 வாங்கினால் என்ன ஆகும்? 8 ஆர்டருக்கு 4,000, வைத்திருக்க 2,250, மொத்தம் 6,250. வருஷத்துக்கு வெறும் 250 ரூபாய்தான் வித்தியாசம். அதனால் பரீட்சை தவிர வேறு எங்கேயும் இந்த வர்க்கமூலத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையான தலைவலி மூன்றாவது கேள்வியில் இருக்கு. எப்போ ஆர்டர் போடணும்? ஒரு நாளைக்கு 40 பீஸ் செலவாகுது. சப்ளையர் 10 வேலை நாளில் தருவார் என்றால் 400 பீஸ் மிச்சம் இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும். ஆனா அவர் சில சமயம் 10 நாளில் தருவார், சில சமயம் 16 நாள் ஆக்குவார். அப்போ 640 இருக்கும்போதே போடணும். அந்த 240 பீஸ் கூடுதல்தான் சேஃப்டி ஸ்டாக்.

அந்த 240 யாருக்காக? கஸ்டமருக்காக இல்லை. சப்ளையர் எப்போ தருவார் என்று நமக்குத் தெரியாததற்காக. அவர் கடையில் மெஷின் ரிப்பேரா, அவருக்கு ராடு வரலையா, இல்லை நாம போன பில்லுக்குப் பணம் தராததால் நம்ம ஆர்டரை ஓரமாகப் போட்டிருக்காரா, எதுவும் தெரியாது. தெரியாததால் இரும்பாக வாங்கி அடுக்கி வைக்கிறோம். "12 நாள் ஆகும் சார்" என்று அவர் முன்கூட்டியே உண்மையைச் சொல்கிற உறவு இருந்தால், 240 வேண்டாம், 80 போதும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை எல்லாம் புரியும்.

<b>சூப்பர் மார்க்கெட்டில் கற்ற பாடம்</b>

இப்போ ஜப்பானுக்கு வருவோம். டொயோட்டா என்றாலே "ஸ்டாக்கே வைக்க மாட்டாங்களாமே" என்பார்கள். அது எப்படி வந்தது? 1949, 50-ல் டொயோட்டா கிட்டத்தட்ட திவாலாகும் நிலைக்குப் போனது. விற்காத வண்டிகள் குவிந்து, கையில் காசு இல்லை. ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம், கடைசியில் 1950-ல் நிறுவனர் கிச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். குவிந்த சரக்கு ஒரு கம்பெனியை என்ன செய்யும் என்று அவர்கள் புத்தகத்தில் படிக்கலை, பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் தொழிற்சாலையை மாற்றி அமைத்தவர் தாய்இச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. அங்கே வாடிக்கையாளர் வேண்டியதை, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார். எடுத்த இடம் காலியானால் மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். தொழிற்சாலையிலும் அப்படியே. அடுத்த வேலை செய்கிறவர் முந்தினவரிடம் போய் எடுக்கணும், எடுத்த அளவுக்கு மட்டும் அவர் செய்யணும். "இவ்வளவு எடுத்தாச்சு" என்று சொல்ல ஒரு அட்டை. ஜப்பானிய மொழியில் கன்பன், அதாவது பெயர்ப்பலகை.

நம்ம ஸ்டோர்ஸ் அண்ணன் டப்பாவின் அட்டை ஞாபகம் இருக்கா? அதேதான். கன்பனைப் பற்றி முதல் வகுப்பில் புரொஃபசர் படம் போட்டபோது எனக்கு அவர் டப்பாதான் கண்ணில் தெரிந்தது.

அட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஸ்டாக் குறையும். குறைத்ததும் எங்கேயாவது லைன் நிற்கும். ஏன் நின்றது என்று பார்த்தால் ஒரு மெஷின் சரியில்லை, ஒரு சப்ளையர் சரியில்லை என்று தெரியும். அதைச் சரிசெய்துவிட்டு இன்னும் ஒரு அட்டையைக் குறைப்பார்கள். அதாவது முதலில் தெரிந்துகொள், சரிபண்ணு, அப்புறம் ஸ்டாக்கைக் குறை. இந்த வரிசையைத்தான் காப்பி அடிக்கிறவங்க தலைகீழாக்கிவிட்டார்கள். முதலில் குறை, அப்புறம் கடவுள் விட்ட வழி!

<b>ஆயிரம் யென் சாமான்</b>

நான் இருக்கிற நகோயாவிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம் போனால் கரியா. சின்ன ஊர். ஆனா டென்சோ, ஐசின் ரெண்டு கம்பெனிக்கும் தலைமையிடம் அதுதான். 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை 4 மணி தாண்டி அங்கே ஐசினின் ஒரு தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 500-க்கும் மேற்பட்ட மெஷின்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

அங்கே செய்தது பி-வால்வு என்கிற பாகம். பிரேக் அடிக்கும்போது பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை அளவாக வைத்து, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். சிகரெட் பெட்டி அளவு, சுமார் ஆயிரம் யென் விலை. டொயோட்டாவுக்குத் தேவையான பி-வால்வில் 99 சதவீதம் இந்த ஒரே இடத்திலிருந்து போனது. நாளைக்கு 32,500 வால்வு. டொயோட்டா கையில் இருந்த ஸ்டாக் ரெண்டு மூணு நாளுக்கு மேல் தாங்காது.

இப்போ ஏ.பி.சி.யைத் திரும்ப நினைத்துப் பாருங்க. ஒரு காரின் விலையில் ஆயிரம் யென் எந்த மூலைக்கு? பணத்தை வைத்துப் பார்த்தால் அது கடைசி வரிசை. ஆனா அது இல்லாமல் கார் வெளியே போக முடியாது. பிப்ரவரி 4, 5 தேதிகளில் ஜப்பானில் டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றன. சுமார் 70,000 கார் தயாரிப்பு பாதிக்கப்பட்டது.

அப்புறம் நடந்ததுதான் இங்கே வகுப்பில் பாடமாகவே நடத்தும் கதை. தீ அணையுமுன்பே ஐசின் ஆட்கள் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வால்வின் வரைபடங்களைக் கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் நேரடியாக வால்வு செய்ய இறங்கின. அவர்களுக்கு மெஷின், டூல், மெட்டீரியல் கொடுக்க இன்னும் நூற்றுக்கும் மேல். தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதர் கம்பெனியும் அதில் ஒன்று. கார் பாகம் செய்து பழக்கமே இல்லாதவங்க. ஐசினிடம் இருந்த ஸ்பெஷல் மெஷின்கள் இல்லாமல், சாதாரண மில்லிங் மெஷின்களிலேயே கடைந்தார்கள். நாலாவது நாளே முதல் வால்வுகள் வந்துவிட்டன. ஒரு வாரம் பத்து நாளில் டொயோட்டா பழைய வேகத்துக்குத் திரும்பியது.

என்ன ரேட்டு, யார் தருவா, டிசைன் யாருக்குச் சொந்தம் என்று யாரும் முதலில் பேரம் பேசவில்லை. செலவை ஐசின் பிறகு கொடுத்தது. டொயோட்டா இன்னும் ஒரு படி மேலே போய், தன் நேரடி சப்ளையர்களுக்கு அந்தக் காலாண்டு விற்பனையில் 1 சதவீதத்தைக் கூடுதலாகக் கொடுத்தது. மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல்.

ராக்கில் ஸ்டாக் இல்லை. ஆனா "கூப்பிட்டா வருவாங்க" என்கிற ஸ்டாக் இருந்தது. அதை வருஷக்கணக்கில் ஒழுங்காகப் பணம் கொடுத்து, மரியாதை கொடுத்துச் சேர்த்திருந்தார்கள்.

<b>அதே டொயோட்டா, மாற்றிய மனசு</b>

உறவு இருந்தால் ஸ்டாக் வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. 2011 மார்ச் 11 பூகம்பத்தில் இபராகி மாநிலத்தில் ரெனெசாஸ் கம்பெனியின் நாகா சிப் தொழிற்சாலை நின்றபோது, அக்கம்பக்கத்து லேத் பட்டறைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிப் செய்வது வேறு உலகம், மாதக்கணக்கில் ஆகும். நேரடி சப்ளையர்களுக்குப் பின்னால் யார், அவர்களுக்குப் பின்னால் யார் என்பது தங்களுக்கே முழுசாகத் தெரியவில்லை என்பதையும் டொயோட்டா அப்போதுதான் உணர்ந்தது.

அதனால் என்ன செய்தார்கள்? எந்தப் பாகம் எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் செய்யப்படுகிறது என்று பல அடுக்குக்குக் கீழே வரை ஒரு தகவல் தொகுப்பு உருவாக்கினார்கள். சிப் மாதிரி திரும்பக் கிடைக்க நாளாகும் பாகங்களுக்கு, அந்த நாளுக்குத் தகுந்த மாதிரி 2 முதல் 6 மாத ஸ்டாக் வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டார்கள். ஆமாம், "ஸ்டாக்கே வைக்காத" டொயோட்டாதான்! 2021-ன் தொடக்கத்தில் உலகமே சிப் இல்லாமல் தடுமாறியபோது மற்ற கம்பெனிகளைவிட இவர்கள் அதிக நாள் தாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ஸ்டாக்குக்கும் எல்லை உண்டு. 2021 ஆகஸ்டில் தென்கிழக்கு ஆசியாவில் கொரோனாவால் தொழிற்சாலைகள் மூடியபோது, செப்டம்பர் தயாரிப்பை 40 சதவீதம் குறைப்பதாக டொயோட்டாவும் அறிவித்தது.

சரக்கு இருந்தும் நின்ற கதையும் இருக்கு. 2022 மார்ச் 1 அன்று, ஒரு சப்ளையரின் கம்ப்யூட்டர்களில் நடந்த சைபர் தாக்குதலால் ஜப்பானில் 14 தொழிற்சாலைகளும் ஒரு நாள் நின்றன. 2023 ஆகஸ்ட் 29-ல் மறுபடியும் 14 தொழிற்சாலைகள் நின்றன. இந்தத் தடவை தாக்குதல் எதுவும் இல்லை. பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வரில் பராமரிப்பு வேலை செய்தபோது, டிஸ்கில் இடம் போதவில்லையாம்! மாற்று சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் படுத்துவிட்டது. நம்ம செல்போனில் "மெமரி ஃபுல்" என்று வருமே, அதே கதை.

<b>நம்ம ஊருக்கு வந்த பிறகு</b>

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அம்பத்தூர்தான் ஞாபகம் வரும். எங்களிடம் வாங்கிய அந்தப் பெரிய கம்பெனியின் சுவரிலும் "ஜஸ்ட் இன் டைம்" என்று பெரிய எழுத்தில் போர்டு இருந்தது. அவர்கள் ஸ்டோர்ஸைப் போய்ப் பார்த்தால் சுத்தமாக, காலியாக, பளபளப்பாக இருக்கும். அப்போ சரக்கு எங்கே? கேட்டுக்கு எதிரே ஒரு வாடகைக் குடோன். அதில் எங்களை மாதிரி சப்ளையர்கள் எல்லோரும் எப்போதும் 10 நாள் சரக்கு வைத்திருக்கணும். வாடகை எங்கள் தலையில். அவர்கள் லைனுக்கு எடுத்துப் போகும்போதுதான் பில் போடலாம். பில் போட்டு 60 நாள் கழித்துப் பணம். நாங்கள் கொடுக்காமல் லைன் நின்றால் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று டெபிட் நோட் வரும். அவர்கள் ஷெட்யூலை மாற்றி எங்கள் சரக்கு தேங்கினால் எந்த நோட்டும் வராது.

இதற்கும் கணக்குப் போடலாம். ஒரு சின்ன பட்டறை மாதம் 25 லட்சத்துக்கு சரக்கு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடோனில் 10 வேலை நாள் சரக்கு, 10 லட்சம். பில் போட்டு 2 மாதம், 50 லட்சம். மொத்தம் 60 லட்சம் வெளியே நிற்கிறது. பேங்க் வட்டி 12 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 60,000 ரூபாய். மூணு ஆபரேட்டர் சம்பளம். பெரிய கம்பெனியின் கணக்கில் இன்வென்டரி குறைந்துவிட்டது, அவர்கள் மேனேஜருக்கு அவார்டு கிடைத்தது. உண்மையில் ஒரு பீஸ்கூடக் குறையலை. ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

2022 தீபாவளிக்கு எங்கள் கம்பெனியில் போனஸ் பாதிதான் கொடுக்க முடிந்தது. மீதி பொங்கலுக்குத்தான் வந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன் ஒன்றும் பேசலை. "குடோன்ல நம்ம சரக்கு எவ்ளோ கெடக்குது தம்பி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்ப நம்ம போனஸ் அங்கதான் கெடக்குது" என்றார். இன்வென்டரி பற்றி அதைவிடத் தெளிவாகச் சொன்னவரை நான் இங்கே இதுவரை பார்க்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கு சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ல் வந்த சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று 2023 நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தமும் வந்தது. ஆனா சரக்கு எதிர்க் குடோனில் எங்கள் பெயரிலேயே கிடந்தால், அதை "ஏற்றுக்கொண்ட" நாள் எது? எடுத்துப்போன நாள்தான் என்பார்கள். அதுவரை கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது. அதுக்கப்புறமும் 60 நாள் என்றால் சட்டப்படி புகார் கொடுக்கலாம். ஆனா இருக்கிற ஒரே பெரிய கஸ்டமர் மேல் எந்தப் பட்டறை முதலாளி புகார் கொடுப்பார்?

ஜப்பான் சொர்க்கம் என்று சொல்ல வரலை. இங்கேயும் இதே வேலை நடக்குது. 2024 ஜூலையில் டொயோட்டாவின் ஒரு துணை நிறுவனம், சப்ளையர்களிடம் தன்னுடைய டை, மோல்டுகளை சும்மா, வாடகை கொடுக்காமல் வைத்திருக்கச் சொன்னதற்காக ஜப்பானின் நியாய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அடுத்தவன் இடத்தில் நம்ம சாமானை வைக்கிற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. வித்தியாசம், இங்கே அதை எடுத்துக் கேட்க ஒரு அமைப்பு தானாக வந்து நின்றது.

<b>சின்னப் பட்டறைக்கு நாலு கேள்வி</b>

ஸ்டாக் அதிகமா இருக்கணுமா, குறைவா இருக்கணுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஐட்டம் ஐட்டமாக இந்த நாலு கேள்வியைக் கேட்டால் பதில் வரும்.

1. இது இல்லாவிட்டால் எது நிற்கும்? விலையைப் பார்க்காதீங்க. 2 ரூபாய் ஓ-ரிங்குக்காக 2 லட்சம் ரூபாய் சரக்கு அனுப்பாமல் கிடக்கும். மலிவான, ஆனா முக்கியமான ஐட்டத்தைத் தாராளமாக வைங்க. ரெண்டு டப்பா முறை போதும்.

2. தீர்ந்துபோனால் திரும்பக் கிடைக்க உண்மையில் எத்தனை நாள்? சப்ளையர் சொன்ன நாள் இல்லை. கடைசி பத்து ஜி.ஆர்.என். எடுத்து ஆர்டர் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்க. மிக அதிகமான நாளுக்கும் சராசரி நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சேஃப்டி ஸ்டாக்.

3. இதைக் கொடுக்க வேறு யார் இருக்காங்க? ரெண்டாவது சப்ளையருக்கு மாதம் கொஞ்சமாவது ஆர்டர் போய்க்கொண்டிருக்கட்டும். தீப்பிடித்த அன்றைக்கு முதல் தடவையாகப் போன் பண்ணினால் யாரும் ஓடி வர மாட்டாங்க.

4. இந்த ஸ்டாக் குறைந்ததா, இல்லை இடம் மாறியதா? குறைந்த சரக்கு வேறு யார் குடோனிலாவது, வேறு யார் வட்டியிலாவது இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அந்தச் செலவு ஒரு நாள் விலையாகவோ, தரமாகவோ, மூடிய பட்டறையாகவோ நம்மிடமே திரும்பி வரும்.

நாலாவது கேள்வியைப் பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் இருக்கும் நண்பர்கள் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும் என்பது என் ஆசை. என்னோடு படிச்சவங்களில் பாதிப் பேர் இன்றைக்கு அந்த நாற்காலிகளில்தான் இருக்கீங்க. உங்கள் சப்ளையருக்கு இந்த வாரம் பாஸ் பண்ண வேண்டிய பில் டேபிளில் இருந்தால், முதலில் அதை முடிச்சுட்டு வாங்க.

அடுத்த தடவை எம்.ஆர்.பி. பற்றி எழுதலாம் என்று இருக்கேன். விலைச் சீட்டில் இருக்கும் எம்.ஆர்.பி. இல்லை, இது ஒரு காருக்கு எத்தனை நட்டு போல்ட்டு வேணும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருகிற எம்.ஆர்.பி. செமஸ்டர் பரீட்சை முடியட்டும்.